டிக்கெட் எடுத்தும் ஏறாதவர்கள்

சோசியல் சயின்ஸுன்னா என்னங்க சார்? நீங்களே சொல்லுங்க. பாத்தா நாலு எழுத்துப் படிச்சவராட்டத் தெரியறீங்க, அதான் கேக்கறேன். நாம படிக்கறப்ப அசோகர் மரம் நட்டாரு, பருவக்காத்து எங்கிருந்து அடிக்குது, பஞ்சாயத்துல எத்தனை மெம்பரு, அவ்வளவுதானுங்களே? ஒரு குடும்பத்துக்குள்ள யாருக்குத் தலை சுத்தும், யாருக்குச் சுத்தாது, இதெல்லாம் எந்தப் பாடத்துலங்க வருது?

நல்லாத் தள்ளி உக்காருங்க, இடம் இருக்குது. திருப்பூர்தானே? நானும் அங்கதான். அவினாசி தாண்டறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிருமுங்க.

எம்பேரு தனசேகரன். பட்டன், ஜிப்பு, எலாஸ்டிக்கு கடை வெச்சிருக்கேன். ஆனா பி.ஏ. எகனாமிக்ஸ். தபால்ல படிச்சதுதான், அதுக்காக மட்டமில்லைங்க, மூணு வருசமும் ஒரே மூச்சுல பாஸ். ஒரே பொண்ணு, சஷ்மிதா, ஏழாவது படிக்கறா. ஊட்டுக்காரி பேரு கலாமணி.

போன வருசம் வரைக்கும் பிராஜெக்டுன்னா எப்படி இருந்துச்சு தெரியுங்களா? பேன்சி ஸ்டோர்ல சார்ட்டு, தெர்மாகோல், கலர் பேப்பர் வாங்கியாந்தா முடிஞ்சுது. ஆறாவதுல ஒரு அணைக்கட்டு செஞ்சோம். மதகு தொறந்தா தண்ணி வரும். பொண்ணுக்குத்தான் முதல் பரிசு. நாலு நாள் கடையை அடைச்சுப் போட்டு நான் கட்டினது சார் அது. அவ தொடக்கூட இல்லை, கெட்டுப்போயிரும்னு தள்ளி நிக்கச் சொல்லிட்டேன்.

இந்த வருசம் சோசியலுக்குப் புதுசா ஒரு மிஸ்ஸு வந்தாங்க. பெனிட்டா மிஸ். நாகர்கோயில் பக்கமாமா. வந்ததும் சொல்லிட்டாங்க, தெர்மாகோல் கிளாசுக்குள்ளயே வரக்கூடாதுன்னு. ஒவ்வொரு புள்ளையும் தான் போய்ட்டு வந்த ஒரு இடத்தை எடுத்துக்கோணும். அந்த இடத்தைப் பத்தி ஒரே ஒரு கேள்வி. பதில் புஸ்தகத்துலயும் இருக்கக்கூடாது, போன்லயும் இருக்கக்கூடாது. மனுசங்களைப் பாத்து, மனுசங்களைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கோணும். தமிழ்லயே எழுதலாம்.

எம்பொண்ணு என்ன எடுத்துக்கிட்டா? தீம் பார்க்கு. பொள்ளாச்சி ரோட்டுல ஒண்ணு இருக்குதுங்க, தண்ணி வெளையாட்டு, ராட்டினம், குகை ரயிலு, எல்லாம். மே மாச லீவுல வருசம் தவறாம கூட்டிட்டுப் போவேன். அதுல கொறை வெக்க மாட்டேன்.

சரி, நம்ம சப்ஜெக்டாச்சேன்னு நான் உக்காந்தேன். எகனாமிக்ஸுங்களே! ஒரு கேள்வி எழுதினேன் பாருங்க, இப்ப சொன்னாலும் புல்லரிக்கும். 'வட்டாரப் பொருளாதார வளர்ச்சியில் தீம் பார்க்குகள் ஆற்றும் பங்கு யாது?' எப்படி? யூனிவர்சிட்டி பரீச்சையில வெக்கலாம். அடுத்த நாள் நோட்டு திரும்பி வருது. சிவப்பு மையில ஒரே வரி. 'இதை யாரிடம் போய்க் கேட்பாய்?'

எங்கிட்ட கேளு, நான் சொல்றேன்! ஆனா அப்படி எழுத முடியாதில்ல.

ரெண்டாவது கேள்வி. 'ஒரு நாளைக்குத் தீம் பார்க்கில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது?' சமூக அக்கறை இருக்குதா இல்லைங்களா? கேட்டும் கண்டுபிடிக்கலாம். நானே பார்க்கு ஆபீசுக்குப் போன் பண்ணினேன். தண்ணின்னு ஆரம்பிச்சதும் அங்க ஒருத்தர், "நீங்க எந்த டிபார்ட்மென்டுல இருந்து பேசறீங்க?"ன்னாரு. ஏழாவது படிக்கற புள்ளையோட அப்பன் பேசறேங்கன்னேன். "மனு எழுதிக் குடுங்க"ன்னு வெச்சுட்டாரு. மறுபடி அடிச்சா எடுக்கலை.

மூணாவது, 'எந்த ரைடு அதிகம் பேருக்குப் பிடிக்கும்?' அதுக்கு மிஸ்ஸு எழுதறாங்க, 'கை தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும். உனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருப்பது எது, சஷ்மிதா?'

பாத்தீங்களா, பேரைப் போட்டு! எனக்கு அது எப்படி இருந்துச்சுன்னா, கேள்வி எழுதினது அவ இல்லைன்னு கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சு. கண்டுபிடிச்சா என்னங்க? எந்த ஊட்டுலதான் புள்ளைங்க செய்யுது?

அன்னிக்குச் சாயங்காலம் கோவமா நோட்டைத் தூக்கி அவகிட்டயே போட்டேன். "நீயே எழுதிக்கோ கண்ணு, அப்பனுக்கு மூளை பத்தலை"ன்னேன். பேனாவை எடுத்தா, ஒரு வரி எழுதினா, மூடி வெச்சுட்டா. யோசிக்கவே இல்லைங்க. ரொம்ப நாளா வெச்சிருந்த மாதிரி எழுதறா.

'டிக்கெட் எடுத்து உள்ளே வந்தும் எதிலும் ஏறாதவர்கள் யார்? ஏன் ஏறவில்லை?'

நான் சிரிச்சுட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா கண்ணுன்னேன். ஏறாதவங்க ஏறலை, அவ்வளவுதானே. இதுல ஆராய்ச்சிக்கு என்ன இருக்குது? மறுநாள் வருது நோட்டு. மார்ஜின்ல பெருசா ஒரு டிக்கு. பக்கத்துல, 'எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.'

என்ற மூணு கேள்வி என்னாச்சு! தபால்ல படிச்சாலும் எகனாமிக்ஸ் சார்.

போகட்டும்னு விட்டுட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை மூணு பேரும் கிளம்பினோம். நான் சும்மா போவனுங்களா? பாரம் ஒண்ணு தயார் பண்ணி நூறு காப்பி எடுத்தேன். பதினாலு கட்டம். பேரு, வயசு, தகப்பனார் அல்லது கணவர் பேரு, தொழில், வருமானம், எல்லாம். கழுத்துல ஒரு அட்டை, கையில பேடு. வாசல்லயே நின்னு ஆரம்பிச்சேன். சொன்னா நம்ப மாட்டீங்க, ஒருத்தர் நிக்கலைங்க. இன்சூரன்ஸ்காரன்னு நெனச்சுட்டாங்க. ஒரு அம்மா, "நாங்க ஏற்கெனவே ரெண்டு பாலிசி போட்டிருக்கோம்"னு ஓடறாங்க. ஒரு ஆளு வருமானம்னு பாத்ததும் பேடை என்ற கையிலயே திணிச்சுட்டுப் போனாரு. மத்தியானம் வரைக்கும் நின்னு மூணு பாரம். அதுல ஒண்ணு செக்யூரிட்டி.

சஷ்மி எங்கடான்னு பாத்தா, அலைக்குளத்துக்குப் பக்கத்துல வேப்பமரத்து நெழல்ல பெஞ்சு வரிசையா போட்டிருப்பாங்க, அங்க அவ அம்மாகூட உக்காந்துட்டிருக்கறா. சும்மா உக்காந்துட்டிருக்கறா சார். பாரம் இல்லை, பேடு இல்லை, மடியில ஒரு நோட்டு. சுத்தியும் பொம்பளைங்க. பை, செருப்பு, டவலு, தண்ணி பாட்டிலு, தூங்கற குழந்தை, எல்லாத்தையும் வெச்சுட்டு கதை பேசறாங்க. வேலையைப் பாரு கண்ணுன்னு ஒரு சத்தம் போட்டேன். "பாத்துட்டுதான்ப்பா இருக்கறேன்"னா.

அறுபத்தியோரு பேர்கிட்ட கேட்டிருக்கறா. அதுல நாப்பத்தெட்டு பொம்பளைங்க. அவளே பிரிச்சு எழுதியிருந்தா, ஏன் ஏறலைன்னு. சேலை நனைஞ்சா பஸ்ஸுல எப்படிப் போறது. தாலிக்கொடி தண்ணில போயிருச்சுன்னா. மாமியார் பாத்துட்டிருக்கறாங்க. அந்த மூணு நாள். பையை யாரு பாக்கறது. கைக்குழந்தை. ஒருத்தருக்கு நெஞ்சுல ஸ்டென்ட்டு வெச்சிருக்குதாம், ஆம்பளை. இன்னொரு அக்கா, இந்த பல்லடத்துல டெய்லர், அவங்க சொன்னதாமா, "நான் கேக்கலை, அவங்களும் கூப்பிடலை."

இப்ப உங்களுக்குத் தோணும், எங்க ஊட்டுல எப்படின்னு. எங்க ஊட்டுல அப்படியெல்லாம் இல்லைங்க. கலாமணி ஏறாததுக்குக் காரணம் வேற. அவளுக்குத் தலைசுத்தல். கல்யாணமான புதுசுல திருப்பூர்ல எக்ஸிபிஷன் போட்டிருந்தாங்க. மாமனார், மாமியார், மச்சான், கொழுந்தியா, எல்லாரும் ஒண்ணாப் போனோம். பெரிய ராட்டினத்துல நாங்க புதுஜோடி ரெண்டு பேரும் ஒரு தொட்டில்ல. உச்சிக்குப் போய் ஒரு ஆட்டு ஆட்டி நின்னுச்சுங்க. ஒரே அலறல். நிறுத்து, நிறுத்துன்னு கீழ வரைக்கும் கேட்டிருக்குது. ராட்டினத்தையே நிறுத்தி இறக்கி விட்டாங்க. இறங்கினா மச்சான் சிரிக்கறான், என்னாச்சுன்னு எல்லாரும் ஓடி வராங்க. கலாவுக்குத் தலை சுத்திருச்சுன்னு சொன்னேன். அவளும் ஆமாம்மா, ஒரு மாதிரி இருக்குதுன்னு சொன்னா. மாமியார் சோடா வாங்கிக் குடுத்தாங்க. அதுல இருந்து அவளை நான் எதுலயும் ஏத்தறதில்லை. பாத்துக்கறேன் சார் நானு.

நானா? நான் எப்படிங்க ஏறறது? நான் ஏறினா வீடியோ யாரு எடுக்கறது? புள்ளைக்கு நாளைக்கு ஒரு ஞாபகம் வேண்டாமா? கீழ நின்னு எடுத்தாத்தான் நல்லா விழும்.

சரி, பிராஜெக்டுக்கு வாரேன். எழுதி முடிச்சா. நானும் பெருந்தன்மையா அட்டைக்குப் பார்டர் போட்டுத் தாரேன்னேன், வேண்டாம்ப்பான்னுட்டா. ஸ்கூல்ல இருபது பேர்ல இவளோடதைத்தான் கோயமுத்தூர் கண்காட்சிக்கு எடுத்தாங்க. அறுபது ஸ்கூல் சார்! கடையில வாரவங்களுக்கெல்லாம் பொரிகடலை மிட்டாய் குடுத்தேன். அப்புறம்தான் படிச்சுப் பாக்கலாம்னு எடுத்தேன். அது வரைக்கும் படிக்கலைங்க, எங்க நேரம்.

எங்கயும் பேரு இல்லை. எல்லாம் நம்பரு. பதினேழாம் நம்பருக்குத் தனியா ஒரு பக்கம். எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு, சொல்லட்டுங்களா?

'எண் 17. பெண். வயது 37. இந்தப் பார்க்குக்கு நான்காவது முறை வருகிறார். இதுவரை ஏறியது: ஒன்றும் இல்லை. காரணம்: இவருக்குத் தலைசுற்றல் என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். இவருக்குத் தலைசுற்றல் கிடையாது. கல்யாணமான வருடம் ராட்டினத்தில் பயந்து அலறியது வேறொருவர். அவர் மானம் போகக் கூடாது என்று இவர் தனக்கு என்று ஒப்புக்கொண்டார். பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை. ஏற ஆசை உண்டா: உண்டு. எதில்: எல்லாவற்றிலும்.'

எல்லாவற்றிலும்! படிச்சீங்களா? படிக்கலை, சரி, கேட்டீங்களா?

பதினெட்டாம் நம்பரையும் சொல்லிடறேன். 'ஆண். வயது 45. ஏறியது: ஒன்றும் இல்லை. காரணம்: "நான் ஏறினா வீடியோ யாரு எடுக்கறது?"' அது நியாயமான காரணம்தானே. அதை ஏன் மேற்கோள் குறி போட்டு எழுதோணும்?

நேரா சமையக்கட்டுக்குப் போனேன். அவ தோசை ஊத்திட்டிருந்தா. "என்ன கலா இது?"ன்னு நோட்டைக் காட்டினேன். எட்டிப் பாத்தா. பாத்துட்டு தோசையைத் திருப்பிப் போட்டா. "புள்ளை கேட்டாளுங்க"ன்னா.

"கேட்டா? கேட்டா என்ன வேணாலும் சொல்லிருவியா?"

"பதினாலு வருசத்துல யாரும் கேக்கலைங்க. கேட்டதும் வாயில வந்துருச்சு."

"எழுதுவான்னு தெரியாதா?"

"தெரியாதுங்க. உங்களுக்கு ஒரு தோசை வெக்கட்டுமா?"

சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். தோசை வெக்கட்டுமான்னா என்னங்க பேசறது.

கண்காட்சி இன்னிக்குத்தான். காலைல ஸ்கூல் வேன்ல அம்மாளும் பொண்ணும் போயிட்டாங்க. நான் கடையைத் தொறந்து வெச்சுட்டு, ஆளை உக்கார வெச்சுட்டு, பொறவால பஸ்ஸுல போனேன். எதுக்குப் போனேன்? அந்த ஒரு பக்கத்தை எடுத்துடச் சொல்லத்தான். மச்சான் கோயமுத்தூர்லதான் இருக்கறான். மருமக பிராஜெக்டுன்னு வந்து நின்னான்னா? பதினாலு வருசமா அந்த ராட்டினத்தைச் சொல்லி அவளைக் கேலி பண்றவன் அவன். பொங்கலுக்குப் பொங்கல். அவளும் சிரிச்சுக்குவா.

பெனிட்டா மிஸ்ஸைப் புடிச்சேன். வயசு முப்பதுகூட இருக்காது, பல்லி மாதிரி ஒல்லியா இருக்கறாங்க. "மேடம், பதினேழாம் நம்பர் குடும்ப விசயம்"னேன். "பேரு போடலைல்லா சார், யாருன்னு யாருக்குத் தெரியும்?"னாங்க. "எனக்குத் தெரியுங்களே மேடம்"னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. "பிராஜெக்டு சஷ்மிதாவுடையது. அவகிட்ட கேளுங்க"ன்னாங்க.

சஷ்மிகிட்ட போனேன். ஸ்டால்ல நிக்கறா, யூனிபாரம், ரெட்டை ஜடை, கையில குச்சி. "அந்தப் பக்கத்தை எடுத்துரு கண்ணு"ன்னேன். "அது அம்மா சொன்ன பதில்ப்பா. அம்மா எடுக்கச் சொன்னா எடுத்தறேன்"னா. சரியாத்தான் சொன்னா, இல்லைன்னு சொல்லலை. கலாமணி பக்கத்துலயே தண்ணி பாட்டிலோட நிக்கறா. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, என்ற மூஞ்சியைப் பாத்தே சொல்லிட்டா. "எடுத்துரு சஷ்மி. அப்பா சங்கடப்படறாரு."

சஷ்மி அம்மாளைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் பின்னு நாலையும் பிடுங்கி, பக்கத்தைக் கழட்டி, மடிச்சு என்ற கையில குடுத்தா. இந்தாங்க, இன்னும் சட்டைப்பையிலதான் இருக்குது.

அப்பாடான்னு இருந்துச்சு. டீ குடிச்சுட்டு வரலாம்னு போனேன். திரும்பி வந்தா அந்த இடத்துல ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்குது. முழு வெள்ளை. மேல மட்டும், 'எண் 17. இவர் தம் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.'

அதுக்கு முன்னாடி யாரும் அந்தப் பக்கம் நிக்கலை சார். இப்ப அதுக்கு முன்னாலதான் கூட்டம். எழுதியிருந்தப்ப படிக்காதவங்க, எழுதாததைப் படிக்கறாங்க. பின்னால ஒரு காலேஜு பொண்ணு இன்னொண்ணுகிட்ட, "ஏன்டி வாங்கிருப்பாங்க?"ன்னு கேக்குது. "வேற யாரு, ஊட்டுக்காரன் திட்டியிருப்பான்"னு இன்னொண்ணு சொல்லுது. நான் திட்டவே இல்லைங்க!

நடுவரா ஒரு அம்மா வந்தாங்க, நரைச்ச தலை, கைத்தறிச் சேலை. எல்லாத்தையும் நிதானமாப் படிச்சாங்க. வெள்ளைத்தாள்கிட்ட வந்ததும் நின்னுட்டாங்க.

"ஏம்மா இவங்க பதிலைத் திரும்ப வாங்கிட்டாங்க?"

"அவங்க ஊட்டுல ஒருத்தருக்குச் சங்கடமா இருந்துச்சுங்க மேடம்."

"அவங்களுக்குச் சங்கடமா இருந்துச்சா?"

"அதை யாரும் அவங்களைக் கேக்கலைங்க மேடம்."

அந்தம்மா ஏதோ எழுதிக்கிட்டாங்க. எழுதிட்டு, சும்மா பேச்சுக்குக் கலாமணி பக்கம் திரும்பினாங்க. "நீங்க அம்மாவா? நீங்க தீம் பார்க்குல என்ன ஏறுவீங்க?"

நான் பக்கத்துலயேதான் நிக்கறேன் சார், ஒரு முழம் தூரம் இருக்காது. சட்டைப்பையைக் கையால பொத்திக்கிட்டேன்.

"நான் ஏறறதில்லைங்க. எனக்குத் தலை சுத்துமுங்க"ன்னா கலாமணி.

சிரிச்சுட்டே சொன்னா. பதினாலு வருசமா சொன்ன மாதிரியே சொன்னா. எனக்கு நிம்மதி வந்திருக்கோணுமில்ல? அதுக்குத்தானே அவ்வளவு தூரம் போனேன்? வரலைங்க. சஷ்மி குச்சியைக் கீழ வெச்சுட்டு, கூரையைப் பாத்துட்டு நின்னா. அந்த நடுவரம்மா நகர்ந்து போயிட்டாங்க.

பரிசு வாழைநார் பத்தின ஒரு பிராஜெக்டுக்குப் போச்சு. அந்தப் பக்கம் இருந்திருந்தா நமக்குத்தான்னு பெனிட்டா மிஸ்ஸு சொல்லலை. சொல்லாம நின்னாங்க, அது அதைவிட மோசம்.

வேன்ல எனக்கும் ஒரு சீட்டு இருந்துச்சு. கடைச்சோலி இருக்குது, பஸ்ஸுலயே வாரேன்னுட்டு நடந்தேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன் சார், வெயில்ல. வழியெல்லாம் அந்த 'எல்லாவற்றிலும்'. நாலு வருசம் கூட்டிட்டுப் போயிருக்கறேன். ஒவ்வொரு தடவையும் அவ அந்த பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் அண்ணாந்து பாத்துட்டிருப்பா. நெழல்ல சொகமா உக்காந்திருக்கறான்னு நெனச்சேன்.

பஸ் ஸ்டாண்டுல நின்னு கலாமணி போனுக்கு அடிச்சேன். சஷ்மிதான் எடுத்தா. "கண்ணு, அந்தப் பக்கத்தைத் திரும்பி எழுதி ஒட்டிரு"ன்னேன். "என்னப்பா, கேக்கலை"ன்னா. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கறான், கண்டக்டரு மேட்டுப்பாளையம் மேட்டுப்பாளையம்னு கத்தறான். நானும் கத்தினேன். "வேறொருவர்னு எழுதாதே, அப்பான்னே எழுது! எனக்குத்தான் கண்ணு தலை சுத்தும்! ராட்டினத்துல கத்தினது நான்தான்!"

சுண்டல் விக்கறவரு திரும்பிப் பாத்தாரு. "எலுமிச்சம்பழத்தைக் கையில வெச்சுக்கங்க அண்ணா, பஸ்ஸுல சரியாயிரும்"னாரு.

போனு கட்டாயிருச்சோன்னு பாத்தேன், கட்டாகலை. அப்புறம் சொன்னா, "கண்காட்சி முடிஞ்சுதுப்பா. எல்லாத்தையும் கழட்டிட்டாங்க. சார்ட்டைச் சுருட்டி வேன்ல போட்டாச்சு."

"மிஸ்கிட்ட சொல்லு கண்ணு, ஸ்கூல்லயாவது ஒட்டச் சொல்லு"ன்னேன்.

"பரவால்லப்பா, விடுங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லை. நீங்க சாப்பிட்டீங்களா?"

அது அவ அம்மா பேசற பேச்சு சார். வார்த்தை மாறாம, குரல் மாறாம, அப்படியே. கோவமாவது படக்கூடாதா அந்தப் புள்ளை? ஏன்ப்பா இப்படிப் பண்ணினீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?

பன்னெண்டு வயசு. இன்னிக்குக் காலைல வரைக்கும் கேள்வி கேட்டுட்டிருந்த புள்ளைங்க அது.